குறை இருக்கிறது, சரி. அது எந்தப் பக்கம் சாய்க்கிறது?

கேள்வி: எம்.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சமூக அறிவியல், சுகாதாரம், கல்வி என்று துறைக்கு ஒன்றாக, வெளியான மூன்று ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து விமர்சன மதிப்பாய்வு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவை எழுதிக் கொடுத்ததை, ‘இது சுருக்கம், மதிப்பாய்வு இல்லை’ என்று கைடு திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் தடவை தேடித் தேடிக் குறைகளை எழுதினேன். சாம்பிள் சிறியது, ஒரே ஊரில் நடந்தது, காலம் போதாது என்று மூன்று கட்டுரைகளுக்கும் சேர்த்து 23 குறைகள். ‘குறை சொல்ல யாராலும் முடியும்’ என்று அதையும் திருப்பிவிட்டார். எனக்குப் புள்ளியியல் அவ்வளவாக வராது. பெரிய ஆய்விதழில் பெரிய பேராசிரியர்கள் எழுதியதைக் குறை சொல்ல நான் யார் என்ற தயக்கமும் இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: உங்கள் கைடு இரண்டு தடவையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

அந்த 23 குறைகளையும் ஒரு தாளில் எழுதி, கட்டுரைகளின் தலைப்பை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எந்தக் குறை எந்தக் கட்டுரைக்கு உரியது என்று உங்களாலேயே சொல்ல முடிகிறதா? ‘சாம்பிள் சிறியது’ என்பது வெளியாகும் கட்டுரைகளில் பாதிக்குப் பொருந்தும். ‘ஒரே ஊரில் நடந்தது’ மீதிப் பாதிக்குப் பொருந்தும். எல்லார் வீட்டுக் கதவிலும் ஒட்டக்கூடிய நோட்டீஸ் அது.

நானும் இதைச் செய்தவன்தான். சமுதாய மருத்துவத் துறையில் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், ஓர் ஆய்விதழிலிருந்து கட்டுரை ஒன்றை மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு வந்த முதல் கட்டுரை. விடுவேனா? நான்கு பக்கம் எழுதித் தள்ளினேன். இதழாசிரியரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: ‘நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் அவர்கள் சரிசெய்தால் கட்டுரையின் முடிவு மாறுமா?’ என் நான்கு பக்கத்தில் அதற்கு எங்கேயும் விடை இல்லை. அன்றிலிருந்து எந்தக் கட்டுரையைப் படித்தாலும் ஒவ்வொரு குறைக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்வேன். இந்தக் குறை முடிவை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும்? கட்டுரை சொல்வதற்குச் சாதகமாகவா, எதிராகவா? உங்கள் 23 குறைகளுக்கும் அம்புக்குறி இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

எடுத்துக்காட்டு இல்லாமல் இது விளங்காது. என் துறையிலிருந்தே தொடங்குகிறேன்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய்க்கு மருந்துச் சிகிச்சையை ஆராயும் மையம் ஒன்று தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றாலே சானடோரியம். நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு என்று மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாட்டில் லட்சக்கணக்கில் நோயாளிகள். அத்தனை பேருக்குப் படுக்கைக்கு எங்கே போவது? புது மருந்துகள் வந்துவிட்ட நிலையில், வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் போதாதா என்று கேட்டார்கள். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் ஐசோனியாசிட், பாஸ் என்ற அதே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வந்தது. ஆண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டுச் சிகிச்சை போதும் என்றது கட்டுரை.

இதை நீங்கள் எப்படி விமர்சித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சாம்பிள் 193 மட்டுமே. சென்னையில் மட்டும் நடந்தது. இரு குழுவுக்கும் உணவு ஒரே மாதிரி இல்லை. மூன்றும் உண்மை. இப்போது மூன்றாவதற்கு அம்புக்குறி போடுங்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சத்தான சாப்பாடும் ஓய்வும் செவிலியர் கவனிப்பும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெரிசலான குடியிருப்பு, போதாத சாப்பாடு, ஓய்வும் குறைவு. ஆக, ஏற்றத்தாழ்வு இருந்தது. ஆனால் அது முழுக்கச் சானடோரியத்துக்குச் சாதகமான ஏற்றத்தாழ்வு. அவ்வளவு சாதகம் இருந்தும் சானடோரியம் 6 புள்ளிதான் முந்தியது. இந்தக் குறை கட்டுரையின் முடிவை அசைக்கவில்லை, அதற்கு முட்டுக்கொடுக்கிறது. உங்கள் பட்டியலில் மூன்றாவது குறையாக உட்கார்ந்திருந்தது இப்போது கட்டுரையின் பலமாகிவிட்டது.

முதல் குறைக்கு வாருங்கள். பக்கத்துக்கு நூறு பேர்கூட இல்லாதபோது, 6 புள்ளி வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம், உண்மையாகவும் இருக்கலாம். ‘வித்தியாசம் நிரூபணமாகவில்லை’ என்பதும் ‘இரண்டும் சமம்’ என்பதும் ஒன்றல்ல. இந்தக் கட்டுரையை உண்மையிலேயே அழுத்திப் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். ‘சாம்பிள் சிறியது’ என்று எழுதுவதற்குப் பதில், ‘வீட்டுச் சிகிச்சை சில புள்ளிகள் குறைவாக இருந்திருக்கும் வாய்ப்பை இந்த எண்ணிக்கை ஒதுக்கிவிடவில்லை’ என்று எழுதுங்கள். அதோடும் நிறுத்தாதீர்கள். அந்த 6 புள்ளி உண்மையே என்று வைத்துக்கொண்டாலும், படுக்கையே கிடைக்காத நாட்டில் அது வீட்டுச் சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லப் போதுமா? போதாது என்பது என் கருத்து. நீங்கள் வேறு கருத்து சொல்லலாம், ஆனால் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. நோயாளி வீட்டிலேயே இருந்தால் குடும்பத்தில் மற்றவர்களுக்குத் தொற்றாதா என்று யாரும் கேட்பார்கள். அதை எதிர்பார்த்து, இரு குழுக் குடும்பங்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சைக் குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. ஆய்வாளர்கள் எந்த ஆட்சேபத்தை முன்கூட்டியே யோசித்தார்கள் என்று எழுதுவதும் மதிப்பாய்வில் சேர்த்திதான். விமர்சனம் என்ற சொல் நம்மை எப்போதும் கம்பெடுக்க வைத்துவிடுகிறது.

அம்புக்குறி மறுபக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சுகாதாரத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை எடுத்தால் இதயநோய் குறையும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் பரவலாக நம்பினார்கள். அமெரிக்காவில் 48,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1991-ல் வந்தது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை எடுத்தவர்களுக்கு இதயநோய் ஏறக்குறைய பாதி. சாம்பிள் சிறியது என்று சொல்ல வழியே இல்லை. ஆனால் யாரும் குலுக்கிப் போட்டு மாத்திரை கொடுக்கவில்லை, வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எப்படிப்பட்டவர்கள் எடுத்துக்கொள்வார்கள்? மருத்துவரைத் தவறாமல் பார்ப்பவர்கள், உடம்பைக் கவனித்துக்கொள்பவர்கள். மாத்திரை இல்லாவிட்டாலும் அவர்களுக்கு இதயநோய் குறைவாகத்தான் வரும். அம்பு கட்டுரையின் முடிவு இருக்கும் பக்கமே பார்க்கிறது. ஆபத்தான குறை இதுதான். 2002-ல், 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய அமெரிக்க ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையால் இதயநோய் குறையவில்லை, 29 சதவீதம் கூடியிருந்தது. மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்தது.

அந்த 29 சதவீதத்தையும் அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். 10,000 பெண்களுக்கு ஓராண்டில் இதயநோய் 7 பேருக்குக் கூடுதல் என்று அதே கட்டுரையில் இருக்கிறது. இரண்டும் ஒரே உண்மை. செய்தித்தாள் எதைப் போடும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்றவுடனேயே மாத்திரை தொடங்குபவர்களுக்கும் இது அப்படியே பொருந்துமா என்று பின்னால் நிறைய விவாதம் நடந்தது. பழைய கட்டுரையைக் கவிழ்த்த புதுக் கட்டுரையையும் அதே கண்ணால்தான் படிக்க வேண்டும்.

சரி, உங்கள் துறைக்கு வருவோம். மார்ஷ்மெல்லோ சோதனையைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் கேட்காத ஆசிரியர் இருக்க மாட்டார். குழந்தை முன்னால் ஒரு மிட்டாய். நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன். காத்திருந்த குழந்தைகள் வளர்ந்ததும் நன்றாகப் படித்தார்கள் என்பது கதை. இதற்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுவது உளவியலாளர் வால்டர் மிஷலும் வேறு இருவரும் சேர்ந்து 1990-ல் வெளியிட்ட கட்டுரை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் 1968 முதல் 1974 வரை 653 குழந்தைகளுக்குச் சோதனை நடந்தது. இந்த 653 என்ற எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டுரைக்குள் இறங்குங்கள். பத்தாண்டுக்கும் மேல் கழித்துக் கேட்டபோது பதில் வந்தது 185 பேர் பற்றி. அவர்களில் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. மதிப்பெண் கிடைத்தது 94 பேருக்கு. சோதனையைப் பல விதமாக நடத்தியிருந்தார்கள்: மிட்டாய் கண்ணுக்குத் தெரியும்படி, மறைத்துவைத்து, ‘வேறு எதையாவது நினைத்துக்கொள்’ என்று உபாயம் சொல்லிக்கொடுத்து, சொல்லாமல். காத்திருந்த நேரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் வலுவான ஒட்டுறவு தெரிந்தது ஒரே ஒரு விதத்தில். அதில் இருந்தவர்கள் 35 பேர்.

653-ல் தொடங்கி 35-ல் வந்து நிற்கிறோம். இதற்குப் புள்ளியியல் எதுவும் தேவைப்படவில்லை பாருங்கள். அட்டவணைக்கு அட்டவணை தலைகளை எண்ணிக்கொண்டு போனால் போதும். விழுந்தவர்கள் யார், ஏன் விழுந்தார்கள் என்று கேட்டால் விமர்சனத்தில் பாதி தானாக வந்துவிடும்.

அந்த ஆய்வாளர்களுக்கு நியாயமாகவும் இருக்க வேண்டும். சாம்பிள் சிறியது, இந்த ஒட்டுறவு மிகையாக இருக்கலாம் என்று அவர்களே கட்டுரையில் எச்சரித்திருக்கிறார்கள். மேடைப் பேச்சாளர்கள் அந்தப் பத்தி வரைக்கும் படிப்பதில்லை. கட்டுரை சொன்னது வேறு, கட்டுரையின் பெயரால் ஊர் சொன்னது வேறு. மதிப்பாய்வில் இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள்.

அம்புக்குறி? பல்கலைக்கழக வளாகத்துப் பள்ளி என்றால் பெரும்பாலும் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள். 2018-ல் வாட்ஸ், டங்கன், குவான் மூவரும் பல வகையான குடும்பங்களைச் சேர்ந்த 918 குழந்தைகளின் தரவை எடுத்தார்கள். தாய் கல்லூரிப் படிப்பை முடிக்காத குழந்தைகள் மேல் தனிக் கவனம் வைத்தார்கள். 15 வயதில் படிப்போடு இருந்த தொடர்பு பழையதில் பாதி அளவே இருந்தது. குடும்பப் பின்னணி, சிறுவயது அறிவுத்திறன், வீட்டுச் சூழல் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்ததும் அதுவும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அடுத்த வேளை சாப்பாடு நிச்சயமான வீட்டில் காத்திருப்பது சுலபம் என்பதை நம் ஆசிரியர்களுக்கு யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 2018 கட்டுரையையும் விட்டுவிடாதீர்கள். அதில் 7 நிமிடத்தோடு சோதனை முடிந்துவிட்டது. பழையதில் அதைவிட நெடுநேரம் காத்திருக்க வேண்டும். தவிர, அறிவுத்திறனைக் கழித்துவிட்டுப் பார்ப்பது நியாயம்தானா? பொறுமையும் அறிவுத்திறனும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தால், ஒன்றைக் கழிக்கும்போது இன்னொன்றும் சேர்ந்து போய்விடுமே. இதை எழுதினால் உங்கள் கைடு நிமிர்ந்து உட்காருவார்.

இனி அந்தத் தயக்கம். பெரியவர்களைக் குறை சொல்ல நான் யார்? இதற்குச் சமூக அறிவியலிலேயே பதில் இருக்கிறது. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் பெயர்பெற்ற பொருளாதார அறிஞர்கள். நாட்டின் கடன் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று 2010-ல் எழுதினார்கள். வளர்ந்த நாடுகளில் அப்படிப்பட்ட ஆண்டுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றார்கள். அரசுச் செலவை வெட்ட வேண்டும் என்று பேசிய தலைவர்கள் இதைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ன்டனுக்கு, வெளியான ஒரு கட்டுரையை எடுத்து அதே முடிவு வருகிறதா என்று திரும்பச் செய்து பார்ப்பது வகுப்புப் பாடம். உங்களுக்குக் கொடுத்திருக்கும் அசைன்மென்ட் மாதிரிதான். அவருக்கு அந்த எண் வரவேயில்லை. கட்டுரையை எழுதியவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சராசரி எடுத்த வரிசையில் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விடுபட்டிருந்தன.

பலர் இந்த எக்செல் பிழையைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அதைவிடச் சுவையானது இன்னொன்று. நியூசிலாந்தில் 1951 என்ற ஒரே ஓர் ஆண்டின் ஏழரை சதவீதத்துக்கும் மேலான சரிவுக்கும், பிரிட்டனின் 19 ஆண்டு சராசரியான 2.4 சதவீத வளர்ச்சிக்கும் ஒரே எடை கொடுத்திருந்தார்கள். நாட்டுக்கு ஓர் ஓட்டு. இது தட்டச்சுப் பிழை இல்லை, தேர்ந்தெடுத்த முறை. நியாயமும் சொல்லலாம், எதிர்த்தும் வாதாடலாம். விட்டுப்போன நாடுகளையும் ஆண்டுகளையும் சேர்த்து, எடையை மாற்றிப் பார்த்தபோது மைனஸ் 0.1 என்பது 2.2 சதவீதம் ஆனது. ஹெர்ன்டனும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் 2013-ல் இதை வெளியிட்டார்கள். மூலக் கட்டுரைக்காரர்கள் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டார்கள். கடன் கூடினால் வளர்ச்சி குறைகிறது என்ற போக்கு இப்போதும் தெரிகிறதே என்று வாதாடினார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் கடனால் வளர்ச்சி குறைந்ததா, வளர்ச்சி குறைந்ததால் கடன் ஏறியதா என்ற கேள்வி இரண்டு கணக்குக்கும் வெளியே அப்படியே நிற்கிறது. கூடவே ஒன்று: அந்தக் கட்டுரை ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’வில் வந்ததுதான், ஆனால் மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்பு இதழில். அதற்கு வழக்கமான சக ஆய்வாளர் மதிப்பீடு கிடையாது. இதழின் பெயரோடு எந்த இதழ், எந்த வகைக் கட்டுரை என்பதையும் பாருங்கள்.

இதில் எங்காவது சராசரிக்கு மேல் கணிதம் வந்ததா? இல்லை. புள்ளியியல் அவ்வளவாக வராது என்பது உங்களுக்குத் தடையே இல்லை. ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பி-மதிப்பு (உண்மையில் விளைவே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதன் அளவு) 0.05-க்குக் கீழே வந்துவிட்டது என்பதால் விளைவு பெரியது என்று ஆகாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-ல் இதை அறிக்கையாக வெளியிட வேண்டியிருந்தது. பல விஷயங்களை அளந்தால் ஏதாவது ஒன்று அந்தக் கோட்டைத் தாண்டத்தான் செய்யும். சாக்லேட் சாப்பிட்டால் எடை சீக்கிரம் குறையும் என்று 2015-ல் செய்திகள் வந்தனவே, அது ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே செய்துகாட்டிய வேலை. ஏறக்குறைய 15 பேர், 18 அளவீடுகள். ஆகவே கட்டுரையில் எத்தனை அளந்தார்கள், அதில் எத்தனையைச் சொன்னார்கள் என்று எண்ணுங்கள். இந்தியாவில் நடந்த மருந்துச் சோதனை என்றால் இன்னும் வசதி. 2009 முதல் மருத்துவச் சோதனைகளை முன்கூட்டியே தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். எதை அளக்கப்போகிறோம் என்று அங்கே எழுதியதும் கட்டுரையில் வந்ததும் ஒன்றா என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

நீங்கள் எடுத்திருக்கும் கல்விக் கட்டுரை எது என்று எழுதவில்லை. நம் ஊர் எம்.எட். மதிப்பாய்வுகளில் அடிக்கடி வருவது ஒரு வகை: ஒரு பிரிவுக்குப் புது முறையில் பாடம், இன்னொரு பிரிவுக்கு வழக்கமான முறை, முன்தேர்வு, பின்தேர்வு. பிரிவுக்கு 30 பேர். உங்களுடையதும் அப்படி இருந்தால், ‘60 மாணவர்கள்தான், சாம்பிள் சிறியது’ என்று எழுதாதீர்கள். உண்மையில் அங்கே ஒப்பிடப்பட்டவை இரண்டு வகுப்புகள். பிரிவுக்கு 100 பேர் இருந்தாலும் அவை இரண்டே வகுப்புகள்தான். ஆசிரியர், பாடவேளை, வகுப்பின் குணம் எல்லாம் முறையோடு கலந்துவிட்டன. புது முறையை நடத்தியது ஆய்வாளரேவா? தேர்வுத் தாளை அமைத்ததும் திருத்தியதும் அவரேவா? ஆம் என்றால் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

படிக்கும் வரிசையையும் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் தடவை சுருக்கமாகவே எழுதி முடித்ததற்குக் காரணம், கட்டுரையின் தலையில் இருக்கும் சுருக்கத்தை, அதாவது அப்ஸ்ட்ராக்டை, முதலில் படித்ததுதான் என்று நினைக்கிறேன். அதைப் படித்துவிட்டால் ஆய்வாளர் காட்டும் வழியில்தான் கண் போகும். தலைப்பையும் ஆய்வுக் கேள்வியையும் மட்டும் படித்துவிட்டு மூடிவையுங்கள். இதை நான் செய்தால் எப்படிச் செய்வேன் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். அப்புறம் முறையியல், அட்டவணைகள். அவற்றை வைத்து உங்கள் சொந்த முடிவை ஒரு வரியில் எழுதிக்கொண்டு, கடைசியாக அவர்களுடைய விவாதத்தையும் அப்ஸ்ட்ராக்டையும் பாருங்கள். இரண்டு முடிவுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், மதிப்பாய்வு அந்த இடைவெளியைப் பற்றியதுதான். கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் இதழின் தளத்தில் ஒரு தடவை பாருங்கள். எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்த, 12 குழந்தைகளை வைத்து எழுதிய 1998-ஆம் ஆண்டு ‘லான்செட்’ கட்டுரை முழுதாகத் திரும்பப் பெறப்பட்டது 2010-ல்தான்.

இப்போது அந்த 23-ஐ எடுத்து அம்புக்குறி போடுங்கள். எந்தப் பக்கமும் சாய்க்காதவற்றை ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லிவிட்டு நகருங்கள். கட்டுரைக்கு இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். பக்கங்களை அவற்றுக்குக் கொடுங்கள். மூன்றாம் தடவையும் திருப்பிக் கொடுத்தால், எந்த வாக்கியம் சரியில்லை என்று பென்சிலால் கோடு போட்டுத் தரும்படி கைடிடம் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.